இழுவையா, உச்ச வேகமா? சிறிய ஸ்கூட்டரை மாற்றியமைக்க நினைப்பவர்களுக்கு

கொழும்பின் வெள்ளவத்தையில் நூறு என்றால் முதலில் நினைவுக்கு வருவது நூறாம் இலக்கப் பாணந்துறை பஸ். அதற்கு அடுத்தபடியாக, 110 சி.சி. ஸ்கூட்டர் வைத்திருக்கும் இளைஞர்களின் மணிக்கு நூறு கிலோமீற்றர் ஆசை. "அண்ணா, என்ன செய்தால் இது நூறு ஓடும்?" என்று என் பெரியம்மாவின் மகன் கேட்கிறான். அவனுடைய நண்பர்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஆனால் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டால் மனக்குறை வேறாக இருக்கும். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் சமிக்ஞை விளக்கு பச்சையானதும் பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டி முந்திக்கொண்டு போய்விடுகிறது. பின்னால் ஒருவரை ஏற்றினால் தெஹிவளை மேம்பாலத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது. பஸ்ஸை முந்தப் போனால், பாதியில் அதன் சில்லுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட நேர்கிறது. இவை மூன்றும் இழுவைக் குறைபாடுகள். உச்ச வேகம் முற்றிலும் வேறு விடயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கராஜுக்குப் போகிறவர், இழுவைக்காகக் கொடுக்க வேண்டிய சிறிய தொகைக்குப் பதிலாக உச்ச வேகத்துக்கான பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

தெரிவுகள் பல இருக்கின்றன. ஒழுங்காக சேர்விஸ் செய்து வண்டி இழந்த வேகத்தை மீட்கலாம். கியர் விகிதத்தைத் தானாக மாற்றும் வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்களின் எடையை மாற்றலாம். சைலன்சர், எயார் ஃபில்டர், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ என்று வெளியில் கைவைக்கலாம். சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கலாம். இல்லையென்றால் இருப்பதை விற்றுவிட்டு அடுத்த அளவு வண்டிக்குப் போகலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய ஸ்கூட்டரின் விலையே ஏறிக்கொண்டிருந்தபோது கடைசித் தெரிவு பலருக்கும் எட்டவில்லை. இருப்பதைப் பிழிந்தெடுக்கும் பழக்கம் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இறக்குமதி திரும்ப வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை.

நூறின் கணக்கு

உச்ச வேகத்தை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்த ஆசையைத் தணிப்பதற்குக் கணக்கே போதும். வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையை வெல்வதற்குத் தேவையான வலு, வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. பழைய 109 சி.சி. ஹொண்டா டியோ போன்ற ஒரு ஸ்கூட்டரின் எஞ்சின் தருவது ஏறத்தாழ 8 குதிரைவலு. அது உண்மையாக மணிக்கு 83 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நூறாக்க வேண்டுமானால் வேகம் 1.2 மடங்கு, வலுவோ ஏறத்தாழ 1.75 மடங்கு. அதாவது 14 குதிரைவலு. கியர் வைத்த 150 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று தருகிற வலு அது. அதைக் காற்றால் குளிரும் ஒரு சிறிய ஸ்கூட்டர் எஞ்சினிடம் கேட்கிறோம்.

"என் நண்பனுடையது நூறு ஓடியது, வீடியோ இருக்கிறது" என்பார்கள். வீடியோவில் இருப்பது மீற்றர் முள். வேகமானிகள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது சர்வதேச விதி. கூட்டிக் காட்டுவதற்கோ தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். பத்து வீதமும் அதற்கு மேல் நான்கு கிலோமீற்றரும்வரை அனுமதி உண்டு. ஆகவே முள் நூறில் நின்றபோது வண்டி தொண்ணூறுக்குக் கீழே ஓடியிருக்கலாம். ஜிபிஎஸ் வைத்து அளந்தால் பல வீராப்புகள் அடங்கிவிடும்.

இன்னொன்று. இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு நகரப் பகுதிகளில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. நூறு அனுமதிக்கப்பட்டிருக்கும் அதிவேக நெடுஞ்சாலைகளில் இரு சக்கர வாகனங்கள் ஏறவே முடியாது. பந்தயத் தடத்தை விட்டால், ஒரு ஸ்கூட்டர் சட்டப்படி நூறில் ஓடக்கூடிய ஒரு மீற்றர் வீதியும் இந்த நாட்டில் இல்லை. சட்டத்தை விடுங்கள், நேரமாவது மிஞ்சுமா? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீற்றர். எங்கும் நிற்காமல் 50இல் போனால் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 70இல் போனால் ஏழு நிமிடம். இந்த மூன்று நிமிடத்தைப் பம்பலப்பிட்டிச் சந்தியின் சிவப்பு விளக்கு ஒன்றே விழுங்கிவிடும். காலை எட்டு மணிக்கு அந்த வீதியில் போகிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைந்த வேகம்

ஆகவே பேச்சு இழுவையைப் பற்றியது. இங்கேதான் யாரும் விரும்பாத முதல் தெரிவு நிற்கிறது: சேர்விஸ். "இது புதிதில் இப்படி இல்லை" என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் இதுதான் பதில்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் பார்த்தது. வண்டியின் இடப்பக்க மூடியைக் கழற்றியதும் கரிய தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. எல்லாம் பெல்ட் தேய்ந்த தூள். மெக்கானிக் வேரியேட்டரைப் பிரித்து, உள்ளிருந்த ஆறு ரோலர்களையும் தரையோட்டில் உருட்டிவிட்டார். இரண்டு உருண்டு போயின. மற்றவை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தன. ஒன்றை எடுத்து விரலால் தடவிக் காட்டினார். உருளையின் ஒரு பக்கம் அரம் போட்டதுபோல் தட்டையாக இருந்தது. "தம்பி, இதை உள்ளே வைத்துக்கொண்டு எந்தக் குதிரைவலுவைத் தேடுகிறீர்?" என்று கேட்டார். வண்டிக்காரர் அன்றைக்குக் கொண்டுவந்திருந்தது பெரிய சத்தம் போடும் ஒரு சைலன்சரை.

ரோலர் தட்டையானால் அது தன் சரிவில் வழுக்காமல் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். கியர் விகிதம் மாற வேண்டிய நேரத்தில் மாறாது. பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தால், முன் கப்பியின் வெளி விளிம்புவரை அது ஏற முடியாது. கடைசி விகிதம் கிடைக்காமல் போகும், உச்ச வேகத்திலும் சில கிலோமீற்றர் குறையும். ஆக, புதிய பெல்ட்டும் புதிய ரோலர்களும் மட்டுமே சில வண்டிகளுக்கு இழுவை, வேகம் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடும். பெல்ட்டைக் கண்ணால் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்கிறவரிடம் வேர்னியர் அளவுகோலால் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த வண்டிக்கென்று நிறுவனம் கொடுத்த குறைந்தபட்ச அளவு ஒன்று இருக்கிறது.

மற்றவை தெரிந்தவைதான். அடைத்த எயார் ஃபில்டர், இடைவெளி தவறிய வால்வ், பிடித்தபடியே உரசும் பிரேக், காற்றுக் குறைந்த டயர். கரையோர வீதிக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் உப்புக் காற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே வெளியில் நிற்கும் வண்டியின் பிரேக் நெம்புகோலும் கேபிளும் துருவேறி, விட்டதும் முழுமையாகத் திரும்பாமல் நிற்பது சாதாரணம். வண்டியை நடு ஸ்டாண்டில் தூக்கிவைத்துப் பின் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தாலே உரசுகிறதா என்று தெரிந்துவிடும்.

ரோலர்: ஒரு கிராமின் வேலை

சேர்விஸ் முடிந்தும் போதவில்லை என்றால் நான் பரிந்துரைக்கும் ஒரே மாற்றம் இதுதான். ஸ்கூட்டரில் கியரை மாற்றுவது சாரதியின் கை அல்ல, இந்த ரோலர்கள். எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல அவை வெளிப்பக்கமாக வீசப்பட்டு, கப்பியின் தட்டைத் தள்ளி, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. பாரமான ரோலர் சீக்கிரமே தள்ளிவிடும். எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே உயர் விகிதத்துக்குப் போய்விடும். இலேசான ரோலர் தாமதிக்கும். எஞ்சின் கூடிய சுழற்சியில், அதாவது தன் வலு கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குக் கிட்ட, நின்றுகொண்டு வண்டியை இழுக்கும். கியர் சைக்கிளில் ஏற்றத்தில் சிறிய கியரை விடாமல் மிதிப்பது போல.

இதனால் கிடைப்பது, சந்தியிலிருந்து கிளம்பும் முதல் ஐம்பது மீற்றரிலும் முந்தும்போதும் தெரிகிற வேறுபாடு. கிடைக்காதது உச்ச வேகம். விலையாகப் போவது பெற்றோலும் சத்தமும். அதே வேகத்தில் எஞ்சின் கூடச் சுழல்கிறது என்றால் அது கூடக் குடிக்கவும் செய்யும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், இலேசான ரோலர் போட்டிருந்த சிலர் பழையதைத் தேடி எடுத்து மாட்டினார்கள். இந்த மாற்றத்தின் பெரிய குணமே அதுதான்: திரும்பிப் போகலாம். ஒரு மணி நேர வேலை. எஞ்சினுக்குள் எதையும் வெட்டுவதில்லை, கடைவதில்லை.

எவ்வளவு குறைப்பது? ஒரு ரோலருக்கு ஒரு கிராம் குறைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வேண்டிய எடை கடையில் இல்லாவிட்டால் இரண்டு எடைகளில் மும்மூன்றாக வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக வைப்பதும் உண்டு, சமநிலை கெடாது. ஒரேயடியாக மூன்று நான்கு கிராம் குறைத்தால் வண்டி கத்தும், நகராது. எஞ்சின் தன் உச்ச வலுவைத் தாண்டிய சுழற்சியில் நின்று அலறும். வேகமானி மெதுவாகத்தான் ஏறும். பல ஸ்கூட்டர்களில் அந்த அறை உலர்ந்திருக்க வேண்டியது என்பதையும் சொல்லிவைக்கிறேன். நல்லது செய்வதாக நினைத்துக் கிரீஸ் பூசிவிட்டு, அது பெல்ட்டுக்குத் தெறித்து வழுக்கிய பிறகு ரோலரைத் திட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

கராஜில் இதோடு நிறுத்த விடமாட்டார்கள். பின் கப்பிக்குக் கடினமான ஸ்பிரிங், கிளட்சுக்குக் கடினமான ஸ்பிரிங் என்று அடுத்தடுத்து வரும். பின் கப்பி ஸ்பிரிங் பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. இழுவை கொஞ்சம் கூடும், பெல்ட்டின் சூடும் தேய்மானமும் கூடும். கிளட்ச் ஸ்பிரிங்கை நான் வேண்டாம் என்பேன். அது எஞ்சின் நன்றாகச் சுழன்ற பிறகுதான் கிளட்சைப் பிடிக்கவிடும். திறந்த தடத்தில் பாய்ந்து கிளம்பலாம். மாலை ஐந்தரை மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் இரண்டு அடி நகர்ந்து நின்று, மூன்று அடி நகர்ந்து நிற்கும்போது, ஒவ்வொரு நகர்விலும் அந்தக் கிளட்ச் அரைப் பிடியில் உரசி எரியும்.

இதில் வீட்டு விவகாரம் ஒன்றும் இருக்கிறது. கொழும்பில் பல வீடுகளில் ஸ்கூட்டர் ஒன்றுதான், ஓட்டுகிறவர்கள் பலர். மகன் கிளட்சை மாற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுகிறான். கால் வைக்கும் தட்டில் மரக்கறிப் பையை வைத்துக்கொண்டு அம்மா த்ரொட்டிலை மெதுவாகத் திருப்பினால் ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் வண்டி துள்ளிப் பாய்கிறது. அந்த ஸ்கூட்டரை வாங்கிய காரணமே அவருக்கு ஓட்ட இலகு என்பதுதான். ரோலர் மாற்றத்தில் இந்தத் துள்ளல் வருவதில்லை.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். பெல்ட் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று மூடியில் துளை போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, குறுக்கு வீதிகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் உள்ளே போகும். பெல்ட் நனைந்து வழுக்கும். எஞ்சின் ஓடும், வண்டி நிற்கும்.

சத்தம் என்னும் தெரிவு

சைலன்சர், திறந்த ஃபில்டர், சிடிஐ ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஞ்சினின் மற்றப் பாகங்கள் அப்படியே இருக்க, வெறும் சைலன்சரை மாற்றினால் கிடைக்கும் வலு, சாரதியின் மனத்தில் ஏறும் வேகத்தைவிடக் குறைவு. சத்தம் கூடியதை வேகம் கூடியதாகக் காது எடுத்துக்கொள்கிறது. திறந்த ஃபில்டரோடு காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் ஜெட்டையும் மாற்றாவிட்டால் காற்று கூடி, பெற்றோல் குறைந்த கலவை எரியும். எஞ்சின் சூடேறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது, சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் உள்ளே சூடு மிஞ்சியிருக்கிறது. அலங்கார ஃபில்டர்கள் பல, கொழும்பின் கட்டுமானத் தூசியை நிறுவன ஃபில்டர் அளவுக்குத் தடுப்பதுமில்லை. எரிபொருள் உட்செலுத்தும் புதிய ஸ்கூட்டர்களில் கணினி ஓரளவுக்குச் சரிசெய்துகொள்ளும். அதன் எல்லை குறுகியது.

சத்தம் போடும் சைலன்சர் பொலிஸாருக்கு உங்களை நிறுத்துவதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறது. வண்டியின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது புகைப் பரிசோதனையும் இருக்கிறது. கலவையைக் குழப்பிய வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும். பரிசோதனை நாளுக்கு மட்டும் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காக்க வேண்டிய வேகம் ஒன்றும் அதில் இல்லை.

சிலிண்டரைக் கடைந்தால்

இதுதான் உண்மையில் வலுவைக் கூட்டும் வழி. அதனால்தான் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய 109 சி.சி. டியோவில் பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீற்றர், அது மேலும் கீழும் ஓடும் தூரம் 55.6 மில்லிமீற்றர். விட்டத்தை 54 ஆக்கினால் கொள்ளளவு 127 சி.சி. ஆகிறது. பதினாறு பதினேழு வீதம் அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. வலுவும் அதே அளவு கூடுவதாக, தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முப்படிக் கணக்கைத் திருப்பிப் போட்டால் உச்ச வேகம் கூடுவது ஐந்து வீதம். 83 ஓடியது 87 ஓடும். நாலு கிலோமீற்றர்.

இழுவையில் தெரிகிற வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், மறுக்கவில்லை. இருவர் ஏறி மேம்பாலம் ஏறும்போது நன்றாகவே தெரியும். ஆனால் அந்த இழுவைக்குக் கொடுப்பது என்ன? சிலிண்டரின் சுவர் மெலிகிறது. பெரிய பிஸ்டனின் பாரத்தைப் பழைய கிராங்கும் பழைய பெயரிங்கும் சுமக்க வேண்டும். கூடுதலாகப் பிறக்கும் சூட்டை அதே விசிறியும், ஒரு லீற்றருக்கும் குறைவான அதே எண்ணெயும் வெளியேற்ற வேண்டும். அந்த விசிறி எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. சமிக்ஞையில் எஞ்சின் மெதுவாகச் சுழன்றுகொண்டு நிற்கும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். கொழும்பின் ஏப்ரல் மாத நண்பகலில் எஞ்சின் பெரும்பகுதி நேரம் நிற்பது அப்படித்தான். கடைசல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுதான் எஞ்சினின் ஆயுள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி சற்றுக் குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கூடினால் எண்ணெய் குடித்துப் புகைக்கும். நன்றாகச் செய்கிற லேத் பட்டறைகள் மருதானைப் பக்கம் இல்லாமலில்லை. ஆனால் பட்டறைக்காரரின் கை நன்றா என்று உங்களுக்குத் தெரியவருவது பல மாதம் கழித்து.

பிறகு காகித வேலை. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கிறது. அது மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொல்லிப் பதிய வேண்டும். சொல்லாமல் ஓட்டுகிறவர் நினைவில் வைக்க வேண்டியது காப்புறுதியை: விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வருகிறவருக்கு, தாம் காப்புறுதி செய்த வண்டி இதுவல்ல என்று சொல்ல இடமிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாரதி அனுமதிப்பத்திரம். ஏ1 வகுப்பு 100 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கானது. டீவிஎஸ் ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சி.சி.; அதன் பிஸ்டன் விட்டம் 51 மில்லிமீற்றர். அதை 55 ஆக்கினால் 102 சி.சி. ஆகிவிடுகிறது. ஏ1 மட்டும் வைத்திருக்கும் தங்கை மறுநாள் அதே வண்டியை எடுத்துக்கொண்டு போனால், தன் வகுப்பில் இல்லாத வண்டியை ஓட்டுகிறவள் ஆகிறாள். கடைந்தவருக்கு அது நினைவில்கூட இருக்காது.

நிறுத்துவது பற்றி யாரும் கேட்பதில்லை. பழைய டியோவில் முன்னும் பின்னும் 130 மில்லிமீற்றர் ட்ரம் பிரேக். சில்லு பத்து அங்குலம். அந்த எஞ்சினின் வேகத்துக்கு அளந்து போட்டவை அவை. ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி போகிறது, பிடித்த பின் விநாடிக்கு விநாடி ஐந்து மீற்றர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்தால், 60இல் போன வண்டி நிற்க 44 மீற்றர் வேண்டும். 80இல் 72 மீற்றர். இடைவெளி 28 மீற்றர். காலி வீதியில் இரண்டரை பஸ்ஸின் நீளம். மழை நாளில், ட்ரம் நனைந்திருந்தால், இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். எஞ்சினுக்குப் பணம் வைத்திருக்கிறவர் அதற்கு முன் நல்ல டயருக்கும் புதிய பிரேக் லைனிங்குக்கும் வைத்திருக்கிறாரா என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை. பத்து அங்குலச் சில்லு சிறிய குழியிலும் ஆழமாக விழும் என்பதும், வேகம் கூடக்கூட அந்த விழுகை கைப்பிடியைத் திருப்பிவிடும் என்பதும், சாக்கடை மூடிகள் வீதி மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் நம் வீதிகளில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

விற்று வாங்குவது

125 சி.சி. ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டீவிஎஸ் என்டோர்க்கின் கொள்ளளவு 124.8 சி.சி., வலு 9.4 குதிரைவலு அளவு, சில்லு பன்னிரண்டு அங்குலம், முன்னால் 220 மில்லிமீற்றர் டிஸ்க் பிரேக். நிறுவனம் சொல்லும் உச்ச வேகம் 95. கடைந்த 127 சி.சி. டியோவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் இங்கே பிரேக்கும் சில்லும் அந்த வேகத்துக்கென்றே வருகின்றன. பதிவுப் புத்தகமும் காப்புறுதியும் உண்மையைச் சொல்கின்றன. காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்று யோசிக்க வேண்டியதில்லை.

இதன் குறை விலை. வரிகளோடு சேர்த்துப் புதிய வண்டியின் விலை பலரைத் திகைக்க வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒப்பிட வேண்டியது புதிய வண்டியின் முழு விலையை அல்ல. பழையதை விற்ற பிறகு மேலே போட வேண்டிய தொகையை. கடைவதற்கான செலவு, பிஸ்டன், ஜெட், சைலன்சர், சில மாதத்தில் மீண்டும் ஒரு பெல்ட் என்று சேர்த்தால் அந்தத் தொகையில் ஒரு பங்கு அங்கேயே கரைந்திருக்கும். அதோடு கடைந்த ஸ்கூட்டரை வாங்குகிறவர் குறைத்துத்தான் கேட்பார். எஞ்சினுக்குள் போட்ட பணத்தை எந்த வாங்குபவரும் திருப்பித் தருவதில்லை. அது தனக்கு வரப்போகும் செலவின் அறிகுறி என்றே அவர் எடுத்துக்கொள்கிறார். சரியாகவே எடுத்துக்கொள்கிறார்.

ஊருக்கு வெளியே அடிக்கடி ஓடுகிறவர், நீர்கொழும்பு தாண்டிச் சிலாபம், புத்தளம் என்று போகிறவர், ஸ்கூட்டரையே விட்டுவிட்டுக் கியர் வைத்த 150 சி.சி. மோட்டார் சைக்கிளைப் பார்ப்பது நல்லது. பெரிய சில்லு, அகன்ற டயர், நீண்ட சஸ்பென்ஷன். விடுமுறைக்கு ஸ்கூட்டரில் யாழ்ப்பாணம் போய்வந்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. மறுநாள் அவர்களுடைய முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

என் பெரியம்மா மகனுக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் பெல்ட், ரோலர், ஃபில்டர், வால்வ், பிரேக், டயர். அதன் பிறகும் போதவில்லை என்றால் ஒரு கிராம் இலேசான ரோலர். அதற்கும் மேல் ஆசை இருந்தால், எஞ்சினைத் தொடாமல் அப்படியே விற்றுவிட்டு 125க்குப் போ. தொடாத எஞ்சின்தான் நல்ல விலை போகும். கடையும் தெரிவுக்கு ஒரே ஒரு வகையானவரிடம் எனக்கு மறுப்பில்லை: எப்படியும் பிஸ்டன் தேய்ந்து மறுகடைசல் தேவைப்படும் பழைய வண்டியை வைத்திருப்பவர், தானே கழற்றிப் பூட்டத் தெரிந்தவர், வேலைக்குப் போக வேறு வாகனம் உள்ளவர். அவருக்கு அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு நாலு கிலோமீற்றர் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவரும் கொள்ளளவைப் பதிந்துவிட்டு ஓட்டட்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், இவ்வளவையும் இன்னொருவர் செய்துவிட்டு உங்களிடம் தள்ளிவிடுகிறாரா என்று பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா, சிலிண்டருக்கும் தலைக்கும் இடையிலான கேஸ்கெட் ஓரத்தில் புதிய எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, அங்குள்ள நட்டுகளின் மூலைகள் ஸ்பானர் பட்டு மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட் மூடியில் துளை இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சைலன்சர் எங்கே என்று கேளுங்கள். "அது வீட்டில் இருக்கிறது" என்றால் அதையும் எடுத்துவந்து மாட்டிய பிறகு விலை பேசுங்கள்.